இடது காலின் பயம்

சரிவில் வண்டி பின்னோக்கி உருண்டுவிடுமோ என்ற அச்சம்தான் புதிய ஓட்டுநர்களின் கிளட்ச்சைத் தின்கிறது. சமதளத்தில் பழகி மலையேறுபவர்களுக்கு வண்டிப்பெரியார் சாலை வைக்கும் பரீட்சை கடுமையானது.

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி மலைச்சாலையில் ஒரு நெடி கிளம்பும். ஏலக்காய் மணத்துக்குப் பேர்போன ஊரில் அதற்குச் சற்றும் பொருந்தாத, ரப்பரும் காகிதமும் சேர்ந்து கருகுவது போன்ற நெடி. லோயர் கேம்ப்பைத் தாண்டி, பெரியாறு மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்களைக் கடந்து ஏறும் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும்போது ஏதாவது ஒரு காரின் அடியிலிருந்து அது வரும். உள்ளே இருப்பவர்கள் வெளியே யாரோ எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். கருகுவது அவர்களுடைய கிளட்ச் பிளேட்.

குமுளியைத் தாண்டிக் கோட்டயம் செல்லும் சாலையில் அடுத்து வரும் பெரிய ஊர் வண்டிப்பெரியார். பெயரிலேயே வண்டியை வைத்திருக்கும் இந்த ஊருக்குத் தனி வாகனப் பதிவு எண்ணும் உண்டு: கே.எல். 37. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பெரியாற்றங்கரையில், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் ஊர். இங்கிருந்து புறப்படும் எந்தச் சாலையும் நெடுந்தூரம் சமமாக இருப்பதில்லை. மேற்கே பாம்பனார், பீருமேடு, குட்டிக்கானம் என்று மலைமேலேயே வளைந்து செல்லும் பாதை, அதன்பின் பெருவந்தானம் வழியாக முண்டக்கயத்துக்கு ஒரே இறக்கமாக இறங்கிவிடும். தோட்டங்களுக்குள் பிரியும் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் கார் ஓட்டப் பழகுபவர், கம்பத்திலோ தேனியிலோ பழகுபவர் ஒரு வருடத்தில் பார்க்காத ஏற்றங்களை ஒரு வாரத்தில் பார்த்துவிடுகிறார். அப்படியிருந்தும் இரு தரப்பினரும் பழகும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு சமமான மைதானம், இரட்டைப் பெடல் வைத்த ஒரு பழைய கார், பக்கத்தில் ஓர் ஆசிரியர்.

ஒழுங்காக ஓட்டினால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும் கிளட்ச்கள் உண்டு. ஒரே ஒரு மலை நெரிசலில் உயிரை விட்டவையும் உண்டு. டயரைப் போல ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தேயும் பொருள் அல்ல அது. முழுதாகப் பிடித்திருக்கும்போதும் அது தேயாது, முழுதாக விலகியிருக்கும்போதும் தேயாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது மட்டுமே தேயும். பழகும் காலத்தில் இடது கால் அதிக நேரம் இருப்பதும் அந்த நடுவில்தான்.

இதன் காரணம் எளிமையானது. இன்ஜினால் மெதுவாகச் சுற்ற முடியாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுக்குக் கீழே போனால் திணறி ஆஃப் ஆகிவிடும். சக்கரமோ நிற்கும் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றுவதையும் நிற்பதையும் இணைத்துவைக்க ஒரு தரகர் தேவை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃப்ளை வீல் ஒரு பக்கம். பலமான ஸ்பிரிங்கால் அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபக்கம். இரண்டுக்கும் இடையே, சிறிய கார்களில் டிபன் தட்டு அளவே உள்ள கிளட்ச் பிளேட். அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதித்திருப்பார்கள். அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். பெடலை மிதித்தால் பிளேட் விடுபடுகிறது, காலை எடுத்தால் இறுகுகிறது. மெதுவாக எடுக்கும்போது சில வினாடிகள் அது வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. அந்த வழுக்கல் இல்லாமல் எந்தக் காரும் குலுங்காமல் கிளம்ப முடியாது. ஆக, ‘ஹாஃப் கிளட்ச்’ ஒரு குற்றம் அல்ல. எத்தனை வினாடி என்பதுதான் கேள்வி.

சரிவில் கணக்கு வேறு. முன்னால் இருக்கும் வண்டி நகரக் காத்திருக்கும் புதிய ஓட்டுநர் என்ன செய்கிறார்? முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பாதி எடுத்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, கார் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அந்தரத்தில் நிறுத்திவைக்கிறார். பார்ப்பவருக்கு அது ஒரு கைதேர்ந்த வித்தை போலத் தோன்றும். செய்பவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையின் விலையை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார். 12 அடிக்கு ஓர் அடி உயரும் சாலை. அந்தச் சரிவில் சுமார் 90 கிலோ எடையைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டது போன்ற இழுவை காரின் மீது இருக்கிறது. அதைக் கிளட்ச் தாங்கிக்கொள்ள, இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால், கிளட்ச் பிளேட்டில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 2,500 வாட். குளியலறையில் மாட்டியிருக்கும் வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். அது பல லிட்டர் தண்ணீரைச் சூடாக்குகிறது. இதுவோ காற்றோட்டம் குறைந்த ஓர் இரும்புக் கூட்டுக்குள் சில கிலோ உலோகத்தைச் சூடாக்குகிறது. கார் நகராததால் இன்ஜின் கிளட்ச்சுக்குக் கொடுக்கும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் வெப்பம் இரட்டிப்பாகும், கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். காரைத் தாங்கத் தேவைப்படும் முறுக்குவிசையைச் சரிவு தீர்மானிக்கிறது. கூடுதல் சுற்று அனைத்தும் கருகலுக்கே போகிறது.

இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொள்கிறது? அநேகமாக முதல் வாரத்தில். பழகுபவர் முதலில் கற்றுக்கொள்ளும் அவமானம் வண்டி ஆஃப் ஆவது. நடுரோட்டில் இன்ஜின் நின்று, பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடித்து, பக்கத்தில் இருக்கும் அண்ணனோ மாமாவோ கணவரோ பொறுமையிழந்து, ‘கிளட்ச்! கிளட்ச்!’ என்று கத்தும்போது மனதில் பதிவது ஒன்றே ஒன்றுதான்: ஆபத்து வந்தால் கிளட்ச்சை மிதி. ஆக, கிளட்ச் காப்பாற்றும் தெய்வமாகிவிடுகிறது. இடது கால் எப்போதும் அதன் காலடியிலேயே கிடக்கிறது. உண்மையில் இன்ஜின் ஆஃப் ஆவதால் காருக்கு ஒன்றும் நேர்வதில்லை. சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பலாம். சேதம் ஓட்டுபவரின் கௌரவத்துக்கு மட்டுமே. பத்து முறை ஆஃப் ஆக்கிப் பழகியவரின் கிளட்ச், ஒரு முறைகூட ஆஃப் ஆகாமல் இரைச்சலோடு கிளப்பிப் பழகியவரின் கிளட்ச்சைவிட நீண்ட நாள் இருக்கும். இதை எந்த ஆசிரியராவது முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி வாகனத்தில் ஆசிரியரின் பக்கமும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்புக்கு அவசியமானது, சந்தேகமில்லை. ஆனால் மாணவர் தடுமாறும் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் கால் தன் பக்கத்துக் கிளட்ச்சை மிதித்துவிடுவதால், பிளேட் எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்பதை மாணவரின் கால் உணர்வதே இல்லை. காரை ஓட்டியது யார் என்பதே ஐயத்துக்குரியது. லைசென்ஸ் கைக்கு வந்து, சொந்தக் காரில் தனியாக உட்காரும் அன்றுதான் இடது கால் முதல்முறையாகப் பாடம் படிக்கிறது. கட்டணம் அந்தக் காரின் கிளட்ச்.

பிறகு தேர்வு. தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு ‘எட்டு போடுவது’ போல, கேரளத்தில் காருக்கு ‘எச் எடுப்பது’ புகழ்பெற்றது. கம்பிகள் நட்டு வைத்த பாதையில் ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் முன்னும் பின்னுமாக, கம்பியில் முட்டாமல் காரை நகர்த்த வேண்டும். நடை வேகத்தைவிடக் குறைவாக, பெரும்பகுதி ரிவர்ஸில். முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்ச் வேலை. சமதளத்தில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், இன்ஜினின் இயல்பான சுற்றிலேயே செய்தால் அதனால் பெரிய கேடு இல்லை. அதற்காக நாள்கணக்கில் பயிற்சி எடுத்தவர் ‘கார் ஓட்டுவது என்றால் இதுதான்’ என்ற எண்ணத்தோடு மலைச்சாலைக்கு வந்து சேர்வதில்தான் கேடு.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, தேர்வுக்கு வருபவர் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதில் ஒன்று: செங்குத்தான ஏற்றத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முறையாகப் பயன்படுத்தியோ, ஆக்ஸிலேட்டரையும் கால் பிரேக்கையும் பயன்படுத்தியோ, பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும். ஏற்றத்தில் காரை நிறுத்திவைக்கும் வேலையைப் பிரேக்கிடம் விட்ட விதி அது. அந்தப் பட்டியலில் உள்ளதை முழுதாகச் செய்துகாட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது அவரவர் அனுபவத்துக்கே வெளிச்சம்.

கேரளம் ஒரு முயற்சி செய்து பார்த்தது. 2024 பிப்ரவரியில் மோட்டார் வாகனத் துறை வெளியிட்ட சுற்றறிக்கை, எச்-சுக்குப் பதிலாக இரு வாகனங்களுக்கு இடையே நிறுத்துவது, சாய்கோணத்தில் நிறுத்துவது, வளைந்து வளைந்து செல்வது, ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவது ஆகியவற்றைத் தேர்வில் சேர்த்தது. மே மாதம் நடைமுறைக்கு வர வேண்டிய நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பல இடங்களில் தேர்வு நடக்கவில்லை. அரசு சில விஷயங்களில் இறங்கிவந்தது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சீர்திருத்தச் சுற்றறிக்கைகளை ரத்து செய்தது. போராடியவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய மைதானம் அமைக்கும் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வி சிறிய முதலாளிகளுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. ஆனாலும் அந்த இழுபறியில் ஏற்றப் பாடமும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டது வருத்தத்துக்குரியது. இடுக்கி மாவட்டத்துக்காரருக்கு எச்-சைவிட அது எத்தனையோ மடங்கு தேவையானது.

அந்தப் பாடம் கடினமானதும் அல்ல. ஆளில்லாத சமதளத்தில் தொடங்கலாம். முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் மிக மெதுவாக எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜினின் ஒலி கனக்கும், காரின் முகம் லேசாக எழும். பிளேட் பிடிக்கத் தொடங்கும் இடம் அதுதான். அங்கேயே ஒரு கணம் நிதானித்தால் கார் தானாக நகரும். நகர்ந்ததும் மீதியையும் எடுத்துவிட்டுக் காலை விலக்கிவிட வேண்டும். டீசல் கார்களில் இது எளிது. எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தபின் பெட்ரோல் கார்களும் இதற்கு இணங்கிவிட்டன. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800இல் பழகியவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. மிதமாகவாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காவிட்டால் அது நின்றுவிடும். அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது ‘முதலில் ரெய்ஸ் பண்ணு, அப்புறம் கிளட்ச்சை விடு’ என்று சொல்வது அந்தக் காரின் மிச்சம். இருபது முப்பது தடவை இப்படிச் செய்தால் பிடிக்கும் இடம் கால் அறிந்த இடமாகிவிடும்.

அதன்பின் ஒரு மிதமான ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் காரை நிறுத்த வேண்டும். இரண்டு கால்களையும் எடுத்துவிட்டுக் கார் நகராமல் நிற்பதைக் கண்ணால் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் பயம் போவது அந்த இடத்தில்தான். பிறகு முதல் கியர், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை எடுப்பது. காரின் பின்பக்கம் சற்றே அமுங்கி, முன்னேறத் துடிப்பது தெரியும். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் கார் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் ஏறும். வழுக்கல் இரண்டு மூன்று வினாடிதான். பழைய லாரிகளில் கிளீனர் செய்த வேலையை இங்கே ஹேண்ட் பிரேக் செய்கிறது. ஏற்றத்தில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுவிட்டு, டிரைவர் கிளப்பியதும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் பையன்களை மலைச்சாலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முட்டுக்கட்டை என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தமும் இருந்த காலம்.

இன்று பல கார்களில் ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் இரண்டு வினாடி போலக் காரைப் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நெரிசலில் நிற்கும் இருபது நிமிடத்துக்கு அது உதவாது. அதற்கு நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் தவிர வேறு வழியில்லை. முன்னால் போகும் வண்டி ஓரடி நகர்ந்தால் தானும் ஓரடி நகர வேண்டும் என்ற துடிப்பு நம் ஊர் வரிசைகளுக்கே உரியது, ரேஷன் கடையிலும் அப்படித்தான். மலை நெரிசலில் அந்தத் துடிப்பு ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிளட்ச் வழுக்கலைச் செலவழிக்கிறது. இரண்டு கார் நீளத்துக்கு இடைவெளி விழும்வரை காத்திருந்து, ஒரே மூச்சில் கிளட்ச்சை முழுதாக விட்டு ஓட்டி, மறுபடி நிறுத்தினால் பத்து வழுக்கல் ஒன்றாகக் குறைகிறது. இடையில் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். நுழைந்துவிட்டுப் போகட்டும்.

கொண்டை ஊசி வளைவில் நடப்பது வேறு மாதிரி. மூன்றாவது கியரில் ஏறிவரும் கார் வளைவில் வேகம் குறைந்து திணறுகிறது. கியர் குறைக்க நேரமில்லை, தைரியமும் இல்லை. புதியவர் கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்ஸிலேட்டரை ஆழ அழுத்தி, இன்ஜினுக்கு உயிர் கொடுத்து வளைவைத் தாண்டுகிறார். கார் போய்விடுகிறது. கிளட்ச்சும் கொஞ்சம் போய்விடுகிறது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே இரண்டாவதுக்கோ முதலுக்கோ குறைத்துவிட்டால் இந்த அவஸ்தை இல்லை. கூரைமேல் மூட்டையும் உள்ளே ஆறு பேருமாக வரும் காருக்கு இது இன்னும் பொருந்தும். இப்படிப்பட்ட காரை ஏற்றத்தில் ரிவர்ஸில் தள்ளி ஏற்றுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. சரிவான வீட்டு வாசல் உள்ளவர்கள் முன்முகமாக ஏறி, ரிவர்ஸில் இறங்குவதே கிளட்ச்சுக்கு இதம்.

ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. 1989இல் வந்த சாலை ஒழுங்குமுறையிலும், அதன் இடத்தில் 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் அது உண்டு. குறுகலான மலைச்சாலையில் இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுபவர் நிற்காமல் செல்ல வேண்டும். நின்றுவிட்ட வண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பதை உணர்ந்த விதி. சமவெளியிலிருந்து வருபவர்களில் பலர் இதை ஒரு மரியாதை என்று நினைக்கிறார்கள், சட்டம் என்று தெரியாது.

தோட்டத்துப் பாதைகளில் ஓடும் ஜீப்களைப் பார்த்துக் கார்காரர்கள் ஏமாறுவதுண்டு. சபரிமலை சீசனில் வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரம் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கல்லும் குழியுமான ஏற்றத்தில் ஜீப் அநாயாசமாக ஊர்கிறது. அதே பாதையில் சிறிய கார் புகைகிறது. ஜீப்காரரின் இடது கால் தரையில் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. நான்கு சக்கர இழுவையோடு வரும் ‘லோ’ கியர், இன்ஜினின் முறுக்கைப் பல மடங்காக்கிக் கொடுப்பதால் நடை வேகத்திலும் கிளட்ச்சை முழுதாக விட்டு ஓட்ட முடிகிறது. சாதாரணக் காரில் அப்படி ஒரு கியர் இல்லை. அந்த வேகத்தில் போக வேண்டுமானால் கிளட்ச்சை வழுக்கவிடுவதுதான் வழி. சில பாதைகளுக்குக் காரைக் கொண்டுபோகாமல் ஜீப்புக்குக் காசு கொடுப்பது லாபம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பழைய லாரி ஓட்டுநர்களின் இடது காலும் தேர்ந்த காலாக இருந்தது. தானாக இணங்கும் கியர்கள் வருமுன் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இரண்டு முறை மிதிக்கும் ‘டபுள் கிளட்ச்’ தெரியாமல் மலையேற முடியாது. தவறினால் கியர்ப்பெட்டி அலறி ஊரைக் கூட்டும். இன்றைய கார்களுக்கு அது தேவையில்லை. அந்த ஓட்டுநர்களிடம் இருந்த இன்னொரு பழக்கம் மட்டும் இன்றும் தேவை: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுபவர்களும், கிளட்ச்சை மிதித்தபடியே உருளவிடுபவர்களும் இருக்கிறார்கள். எரிபொருள் பீய்ச்சும் இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்கு எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜினை உயிரோடு வைக்கக் கொஞ்சம் செலவாகிறது. மிச்சம் பிடிப்பவர் உண்மையில் செலவு செய்கிறார். கிளட்ச்சை மிதித்திருப்பதால் ரிலீஸ் பேரிங் தேய்கிறது என்பது சிறிய விஷயம். இன்ஜினின் இழுபிடிப்பு இல்லாமல் முழு எடையும் பிரேக்கின் மேல் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதுதான் பெரிய விஷயம். கிளட்ச் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால் நிற்காது.

சமவெளியில் கிளட்ச்சைத் தின்பது வேறொரு சோம்பல். கியர் மாற்றியபின்னும் இடது காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொள்வது. மிதிக்கவில்லை, சும்மாதான் வைத்திருக்கிறேன் என்பார்கள். காலின் எடையே பேரிங்கை அழுத்தி, பிடிப்பைச் சற்றே தளர்த்தப் போதுமானது. பெடலுக்கு இடப்புறம் கால் வைக்கப் பல கார்களில் தனி மேடை கொடுத்திருப்பது அழகுக்காக அல்ல. சிக்னலில் முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடி ஒன்றரை நிமிடம் நிற்பதும் இதே ரகம்.

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதைக் காரே சொல்லும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் உயரும், வேகம் உயராது. ஏற்றத்தில் இது முதலில் தெரியும். பெடலைப் பெரும்பகுதி எடுத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். கிளம்பும்போது கார் வெடவெடக்கும். சந்தேகம் வந்தால் சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, நான்காவது கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டுப் பார்க்கலாம். நல்ல கிளட்ச்சாக இருந்தால் இன்ஜின் உடனே ஆஃப் ஆகும். ஆஃப் ஆகாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை அடிக்கடி செய்து பார்ப்பதும் கெடுதலே.

நெடி வந்துவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுக்கி, அரைமணி நேரமாவது ஆறவிடுவது நல்லது. லேசாகக் கருகிய பிளேட் ஆறியபின் பழையபடி பிடிப்பதுண்டு. ‘எப்படியாவது மேலே போய்விடலாம்’ என்று விரட்டினால் பிளேட்டோடு பிரஷர் பிளேட்டும் ஃப்ளை வீல் முகமும் கெட்டு, செலவு ஏறும். பிளேட்டின் விலையைவிட, அதை எட்டுவதற்கு கியர்ப்பெட்டியை இறக்கி ஏற்றும் வேலைதான் உரிமையாளரைச் சுடும். அதனால்தான் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்கிறார்கள் மெக்கானிக்குகள். அது பிடுங்கும் வேலை அல்ல. ஆனால் மாற்றுவதற்கு முன் கேபிள் வைத்த கார்களில் அதன் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். பெடலில் இருக்க வேண்டிய சிறிது தளர்வு இல்லாமல் போனாலே கிளட்ச் வழுக்கும், அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பானர் போதும். இன்ஜினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் கிளட்ச் கூட்டிலிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவதைத் தவிர்ப்பது நல்லது. பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

கிளட்ச் பெடலே இல்லாத கார் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014இல் மாருதி செலெரியோவில் வந்து, பின்னர் பல கார்களுக்குப் பரவிய ஏ.எம்.டி. முறையில் பெடல் மட்டுமே இல்லை. உள்ளே அதே டிபன் தட்டுதான் இருக்கிறது. காலுக்குப் பதில் ஒரு கருவி அதை மிதிக்கிறது. ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்தியே காரை நிறுத்திவைத்தால் அந்தக் கருவி பாதிக் கிளட்ச்சில் காரைத் தாங்கும். நெடியும் அதேதான். இந்தப் பழக்கத்துக்கு முற்றிலும் தப்பித்தது மின்சாரக் கார். அதன் மோட்டார் பூஜ்யத்திலிருந்தே இழுக்கும், கிளட்ச்சே தேவையில்லை.

முதல் கார் பழைய காராக இருக்கட்டும், இடித்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் குடும்பங்கள்தான் நம்மிடையே அதிகம். அப்படி வாங்கும்போது பெயின்ட்டையும் டயரையும் தட்டிப் பார்ப்பவர்கள் குனிந்து கிளட்ச் பெடலையும் பார்க்கலாம். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டி, பெடல் ரப்பரின் வரிகள் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது பலருடைய கால் அங்கே பழகியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் விலையில் ஒரு கிளட்ச் செட்டையும் அதை மாட்டும் கூலியையும் கழித்துப் பேச இடமிருக்கிறது. விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஏற்றத்துக்கு ஓட்டிப் போகச் சொல்லலாம். வண்டிப்பெரியாரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.